குணமளிக்கும் வழிபாட்டுக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

இல்லத்தில் ஒருவர் நோயுற்றால், மருத்துவமனைக்குச் செல்லும் வழியும் ஆலயத்துக்குச் செல்லும் வழியும் அக்குடும்பத்தார்க்கு ஒருசேரப் பழகிவிடுகின்றன. அறுவை மருத்துவத்துக்கு நாள் குறித்ததும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வோர் உண்டு. பங்கு ஆலயத்தில் நடைபெறும் குணமளிக்கும் வழிபாட்டுக்கு நோயாளரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்வோரும் உண்டு. "எங்கள் அப்பாவை வரும் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு அழைத்துச் செல்லலாமா?" என்று எங்கள் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்போர் பலர். அவர்களுள் கத்தோலிக்கரும் பிற சமயத்தாரும் இருக்கின்றனர்.

பெரும்பாலோர்க்கு எங்கள் விடை, "தாராளமாகச் செல்லுங்கள்" என்பதே. ஆனால் அவ்விடையோடு ஒரு வேண்டுகோளையும் சேர்த்துச் சொல்கிறோம். வழிபாட்டுக்குச் சென்று திரும்பியபின் மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே நிகழ வேண்டும். இது மருத்துவமனை தன் வசதிக்காக விதிக்கும் கட்டுப்பாடன்று. கத்தோலிக்கத் திருச்சபை தானே கைக்கொண்டுவரும் நெறியும் இதுவே. அதனை விளக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரே பெயரில் வழங்கும் மூன்று வழிபாடுகள்

'குணமளிக்கும் வழிபாடு' என்று மக்கள் பொதுவாகச் சொல்வது, வெவ்வேறான மூன்று நிகழ்வுகளைக் குறிக்கக்கூடும். எதற்குச் செல்கிறோம் என்பதை முன்னரே கேட்டறிவது நல்லது.

முதலாவது, நோயில் பூசுதல் என்னும் அருளடையாளம். திருச்சபையின் ஏழு அருளடையாளங்களுள் இதுவும் ஒன்று. இரண்டாவது, ஆயரின் இசைவோடு அருள்பணியாளர் தலைமையில், திருச்சபையின் வழிபாட்டு நூல்களில் உள்ள முறைப்படி நோயாளர்க்காக நடத்தப்பெறும் வழிபாடு. மூன்றாவது, செபக்குழுக்களும் அருங்கொடை இயக்கத்தினரும் தியான இல்லங்களும் நடத்தும் செபக்கூட்டம். பாடல், இறைவார்த்தை, மறையுரை, நற்கருணை ஆராதனை, கைகளை விரித்து நோயாளர்க்காக மன்றாடுதல் ஆகியவை அதில் இடம்பெறும். கேரளத்தின் முரிங்ஙூரில் உள்ள தியான மையம் போன்ற இடங்களில் இத்தகைய தியானம் பல நாள் தங்கிப் பங்கேற்பதாக அமையும். பங்கு ஆலயங்களில் அது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

செபக்கூட்டத்திலும் திருத்தலத்திலும் எவரும் பங்கேற்கலாம், சமயம் தடையன்று. நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கர்க்கு உரியது. பிற சமயத்தைச் சேர்ந்தோர் தம் இடத்தில் அமர்ந்து அமைதியாக மன்றாடலாம். இறுதியில் அருள்பணியாளரிடம் ஆசி பெறலாம்.

நோயில் பூசுதல்: இறுதி மணித்துளிக்கு மட்டும் உரியதன்று

நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வருளடையாளத்துக்கு 'அவஸ்தைப் பூசுதல்' என்று பெயர். உயிர் பிரியும் வேளையில் மட்டுமே குருவானவரை அழைப்பது அன்றைய வழக்கம். ஆகவே எண்ணெய்ச் சிமிழோடு குருவானவர் வாசலில் வந்து நின்றால், "இனிப் பிழைக்கமாட்டார்" என்று வீட்டார் அழத் தொடங்குவர். அந்த அச்சம் இன்றும் பல குடும்பங்களில் உள்ளது. "சாமியாரை அழைத்தால் அம்மா பயந்துவிடுவார்" என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பியபின் எங்களிடம் ஓடிவருவோரை அடிக்கடி காண்கிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே இதனை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே பொருத்தம் என்று கூறிவிட்டது. 1972-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் இதன் சடங்கு முறையைச் சீரமைத்தார். கடும் நோயால் துன்புறுவோர், கடும் நோயின் காரணமாக அறுவை மருத்துவம் செய்துகொள்ளவிருப்போர், முதுமையால் தளர்ந்தோர் ஆகியோர் இதனைப் பெறலாம். நலமடைந்தபின் மீண்டும் கடும் நோய் வந்தாலும், அதே நோய் முற்றினாலும் மறுபடியும் பெறலாம். யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நோயுற்றோர் திருச்சபையின் மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி மன்றாடச் செய்யுமாறு அறிவுறுத்துகிறார். அவ்வறிவுரையே இதற்கு அடிப்படை.

நெற்றியிலும் கைகளிலும் பூசுவதே முறை. இதற்குரிய எண்ணெய் ஆண்டுதோறும் புனித வாரத்தையொட்டி ஆயரால் மந்திரிக்கப்படுகிறது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் பிற தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம். அருள்பணியாளரும் ஆயரும் மட்டுமே இவ்வருளடையாளத்தை வழங்க இயலும். செபக்கூட்டத்தில் பொதுநிலையினர் ஒருவர் எண்ணெய் தொட்டுச் செபித்தால், அது பக்தி முயற்சியே தவிர இவ்வருளடையாளம் ஆகாது. இவ்வேறுபாட்டை அறிந்திருந்தால், "ஏற்கெனவே பூசிவிட்டார்களே" என்று எண்ணி உரிய வேளையில் அருள்பணியாளரை அழைக்கத் தவறமாட்டோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்க்கும் இதனை வழங்கலாம். கைகளில் ஊசிக்குழாய் இருந்தால் நெற்றியில் மட்டும் பூசினாலே போதும். தொற்றுத் தடுப்பு அறையில் இருப்பவர்க்கு அருள்பணியாளர் பஞ்சு போன்ற ஒரு கருவியைக் கொண்டு பூசவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. நோயாளர் நினைவிழந்திருந்தாலும், நினைவோடு இருந்தால் இதனை விரும்பியிருப்பார் எனில், வழங்கலாம். ஆயினும் அவர் கண்திறந்து, பேசி, தாமும் சேர்ந்து செபிக்கும் நிலையில் இருக்கும்போதே அழைப்பது சிறந்தது. இறந்தவர்க்கு இவ்வருளடையாளம் வழங்கப்படுவதில்லை. அவருக்காக மன்றாட்டு மட்டுமே நிகழும். மரணம் நெருங்கிவிட்டோர்க்கு உரிய தனி அருளடையாளம் 'வழியுணவு' எனப்படும் நற்கருணையே ஆகும்.

வழிபாட்டில் நிகழ்பவை

செபக்கூட்டத்துக்கு முதன்முறையாகச் செல்வோர்க்கு அங்கு நிகழும் சிலவற்றைக் கண்டு வியப்போ அச்சமோ ஏற்படக்கூடும். பலர் உரத்த குரலில் ஒரே நேரத்தில் மன்றாடுவர். சிலர் கண்ணீர் விடுவர். நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தியபடி அருள்பணியாளர் மக்களிடையே பவனி வருவார். நலம் பெற்றதாகக் கருதுவோர் முன்வந்து சாட்சி பகர்வர்.

தலைமேல் கைவைத்துச் செபிக்கும்போது சிலர் தளர்ந்து தரையில் சாய்வதும் உண்டு. 'ஆவியில் இளைப்பாறுதல்' என்று செபக்குழுவினர் இதனைக் கூறுவர். சாய்ந்தவர் குணமாகிவிட்டார் என்பதோ, சாயாதவர் நம்பிக்கையற்றவர் என்பதோ இதற்குப் பொருளன்று. நோயாளரைப் பொறுத்தவரை நாங்கள் கவலைப்படுவது விழுந்தால் நேரும் காயத்தைப் பற்றித்தான். எலும்பு மெலிந்த முதியோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் நாற்காலியில் அமர்ந்தபடியே மன்றாட்டைப் பெறலாம். இதனை முன்கூட்டியே தொண்டரிடம் சொல்லிவிடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர் விழுந்து கைகால் வெட்டினால், அதனை வலிப்பாகவே கருதி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். மார்வலியும் மூச்சுத்திணறலும் அவ்வாறே. மன்றாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காணிக்கை அவரவர் விருப்பம். அருளடையாளத்துக்கு விலை கிடையாது. குறிப்பிட்ட தொகை தந்தால் குணம் உறுதி என்று எவரேனும் கூறினால், அவ்விடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

திருச்சபை வகுத்துள்ள நெறிகள்

குணம்பெற வேண்டி நடத்தும் மன்றாட்டுகளைக் குறித்து, வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான கர்தினால் இராட்சிங்கர் அதில் கையொப்பமிட்டார். நோயினின்று விடுபட விரும்புவதும் அதற்காக மன்றாடுவதும் நல்லவையே என்று அது ஏற்கிறது. அம்மன்றாட்டு, உடல்நலம் காக்கும் இயற்கை வழிகளை விலக்குவதில்லை, மாறாக அவற்றைப் பயன்படுத்தத் தூண்டுகிறது என்றும் அது தெளிவுறுத்துகிறது. இத்தகைய கூட்டங்களில் உணர்ச்சிக் கொந்தளிப்போ நாடகத்தன்மையோ பரபரப்போ இருத்தலாகாது என்றும், குணம் பெற்றதாகக் கூறுவோரின் சாட்சியங்களைத் துல்லியமாகத் திரட்டி மறைமாவட்ட அதிகாரியிடம் அளிக்க வேண்டும் என்றும் அது பணிக்கிறது.

மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவு என்னும் எண்ணத்துக்குத் திருவிவிலியத்திலும் இடமில்லை. சீராக்கின் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கவும், நிலத்தினின்று கிடைக்கும் மருந்துகளை வெறுக்காதிருக்கவும், இறைவனிடம் மன்றாடியபின் மருத்துவர்க்கும் இடம் தரவும் கற்பிக்கிறது. நற்செய்தியாளர் லூக்காவைப் பவுல் அடிகள் மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார். திமொத்தேயுவின் வயிற்று நோய்க்கு அவர் கூறும் அறிவுரை அக்காலத்தின் கைமருந்துதான்.

லூர்து கற்பிக்கும் பொறுமை

குணம் வேண்டி உலகெங்கிலும் இருந்து நோயாளர் திரளும் திருத்தலங்களுள் முதன்மையானது பிரான்சு நாட்டின் லூர்து நகர். 1858-ஆம் ஆண்டில் பெர்னதெத் என்னும் சிறுமிக்கு அன்னை மரியா அங்கே காட்சியளித்ததாகத் திருச்சபை ஏற்றுள்ளது. அவ்வாண்டு முதல் இந்நாள்வரை தாம் நலம்பெற்றதாக 7,000-க்கும் மேற்பட்டோர் அங்குப் பதிவு செய்துள்ளனர். அவற்றுள் புதுமை என்று திருச்சபை அறிவித்தவை 70-ஐச் சற்றே தாண்டியுள்ளன. மற்றவை பொய் என்பது இதன் பொருளன்று. புதுமை என்று அறிவிக்கும் முன் திருச்சபை எத்துணைக் கண்டிப்போடு ஆராய்கிறது என்பதையே இவ்வெண்ணிக்கை காட்டுகிறது.

லூர்து திருத்தலத்திலேயே 1883-ஆம் ஆண்டு முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கிவருகிறது. நலம் பெற்றதாகக் கூறுவோரை மருத்துவர்கள் அங்கே ஆராய்கின்றனர். நோய் கடுமையானதாக இருந்ததா, அதனை உறுதிசெய்யும் மருத்துவச் சான்று உள்ளதா, நலம் திடீரென வந்ததா, முழுமையாக வந்ததா, நிலைத்து நிற்கிறதா, உட்கொண்ட மருந்தால் அது விளைந்திருக்கக்கூடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றனர். நிலைத்து நிற்கிறதா என்று அறியப் பல ஆண்டுகள் காத்திருக்கின்றனர். பெர்னதெத் மொரியோ என்னும் பிரெஞ்சு அருள்சகோதரி 2008-ஆம் ஆண்டில் லூர்துக்குத் திருப்பயணம் சென்று வந்தபின் நலமடைந்தார். அது 70-ஆவது புதுமையாக அறிவிக்கப்பட்டது 2018-ஆம் ஆண்டில். இடையே பத்தாண்டுகள் ஆய்வு நடந்தது.

நோயாளர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. புதுமையை நம்பும் திருச்சபையே மருத்துவ அறிக்கையைக் கேட்கிறது, பொறுத்திருந்து பார்க்கிறது. ஆகவே "எனக்குக் குணமாகிவிட்டது" என்று உணர்வோர், "பரிசோதனை செய்து பாருங்கள்" என்று எங்களிடம் வந்து சொல்வதில் இறைவனைச் சோதிப்பது எதுவுமில்லை. அது நன்றியறிதலின் ஒரு வடிவமே. உண்மையான நலம் இரத்தப் பரிசோதனையாலோ எக்ஸ்-ரே படத்தாலோ குலைந்துவிடாது.

மருந்தை நிறுத்துவதால் நேரும் இடர்

வழிபாட்டிலிருந்து திரும்பியவர் இரண்டு மூன்று நாள்கள் மிக நன்றாக உணர்வது உண்டு. அச்சம் தணிந்து, மனம் இளகி, பிறரோடு பாடி மகிழும்போது வலியின் கடுமை உண்மையாகவே குறைகிறது. வலி, நரம்பு வழியாக வரும் செய்தி மட்டுமன்று. மூளை அச்செய்தியை எவ்வாறு ஏற்கிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே அந்த ஆறுதலைப் போலி என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் வலி குறைந்ததும் நோய் நீங்கியதும் ஒன்றல்ல. மருந்து நிறுத்தியதன் விளைவு சில நோய்களில் உடனே தெரிவதில்லை என்பதே பெரிய இடர்.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரக்கூடும். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர் அதனைச் சட்டென விட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கிவிடலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் தம் மாத்திரைகளை விட்டால், பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்கும். செயற்கை இதய வால்வு உள்ளவர் இரத்தம் உறையாமைக்கான மருந்தை விட்டால் வால்வில் கட்டி உறைந்து பக்கவாதம் வரலாம்.

காசநோயில் நிலைமை வேறு. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடும், உடல் தேறும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து தேவை. இரண்டாம் மாதத்தில் "நலமாகிவிட்டது" என்று நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக வளர்ந்து திரும்பும்; வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பரவும். மனநோய்க்கான மருந்தை நிறுத்தியவர் முதல் சில வாரங்கள் தெளிவாகவே இருப்பார். பின்னரே நோய் மீளும். உயர் இரத்த அழுத்தமோ எந்த அறிகுறியும் காட்டாமலே உறுப்புகளைக் கெடுக்கும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. குணமானதாக உணர்ந்தால், மருந்தைத் தொடர்ந்தபடியே எங்களிடம் வாருங்கள். பரிசோதித்து, நோய் தணிந்திருந்தால், மருந்தைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் நாங்களே படிப்படியாகச் செய்வோம். அதனைச் செய்யும் நாள் எங்களுக்கும் மகிழ்ச்சிக்குரிய நாளே.

புறப்படுமுன்

நோயாளர் நோன்பு இருக்க வேண்டிய தேவையில்லை. நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருத்தல் பொதுவான சட்டம். நீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் உணவு உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டமே விலக்களிக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாமல் அமர்ந்திருப்பது தாழ்சர்க்கரை மயக்கத்தில் முடியும். ஆகவே நேரத்துக்கு உண்ணுங்கள். சர்க்கரையோ மிட்டாயோ கைவசம் வைத்திருங்கள். அப்பத்தை விழுங்க இயலாதவர்க்கு அதன் சிறு துணுக்கைத் தருமாறு கேட்கலாம். அதுவும் இயலாதெனில் திராட்சை இரச வடிவில் மட்டும் வழங்கவும் சட்டம் இசைகிறது.

ஒரு நாள் பயணம் என்றாலும் மூன்று நாளுக்கான மருந்தை எடுத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டும் அண்மைய மருத்துவச் சுருக்கமும் பையில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைக்கவும் வேண்டா. டயாலிசிஸ் செய்துகொள்வோர், முறை நாளை விட்டுவிடாதபடி பயண நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை ஆண்டுத் திருவிழா நடைபெறும். அந்நாள்களில் கூட்டம் மிகுதி. கடற்கரை வெயிலும் கடுமை. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டோர்க்கு ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். அந்நாள்களில் பெருங்கூட்டத்தைத் தவிர்ப்பதே நலம். காய்ச்சல் 100.4 பாகை ஃபாரன்ஹீட்டை எட்டினால் காலை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். திருவிழா முடிந்து கூட்டம் வடிந்தபின் சென்றாலும் அன்னை அங்கேயே இருப்பார்.

மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையே மணற்பாதையில் முழங்காலில் செல்வது பலரின் நேர்ச்சை. வெறுங்காலோடு நெடுந்தொலைவு நடந்துவருவது இன்னும் பலரின் நேர்ச்சை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்க்கு, கொதிக்கும் தரையில் கொப்புளம் எழுவதும் முள் தைப்பதும் தெரியாது. அந்தப் புண்ணே பின்னர் காலை இழக்கக் காரணமாகலாம். நேர்ச்சையை வேறொரு பக்தி முயற்சியாக மாற்றித் தருமாறு பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அதற்குத் திருச்சபையில் வழி உண்டு. அல்லது வீட்டில் நலமாக உள்ள ஒருவர் உங்களுக்காக நடக்கட்டும்.

ஆக்சிஜன் உருளையோடு வருவோர் எரியும் மெழுகுவர்த்திகளுக்கு அருகே செல்லவே கூடாது. ஆக்சிஜன் தீயை நொடியில் பெரிதாக்கும். ஆஸ்துமா உள்ளோர் சாம்பிராணிப் புகை எட்டாத இடத்தில், காற்றோட்டமுள்ள வாசலருகே அமர்ந்து, இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள். மந்திரித்த எண்ணெயைத் திறந்த புண்ணிலும் தையல் போட்ட இடத்திலும் தடவ வேண்டா, நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். கண் அறுவை செய்துகொண்டோர் தீர்த்தத்தைக் கண்ணில் தெளிக்க வேண்டா. டயாலிசிஸ் நோயாளர் அருந்தும் தீர்த்தமும் அன்றைய நீர் அளவில் சேரும். கால் வீக்கம் உள்ளவர் வழிபாட்டில் நீண்ட நேரம் நிற்காமல் அமர்ந்துகொள்ளலாம். திருப்பலியில் அமர்ந்திருக்கும் நோயாளரை எவரும் குறைகூறார்.

பயணம் செய்ய இயலாத அளவுக்கு நோய் கடுமையாக இருந்தால், திருப்பலிக்குச் செல்லும் கடமையினின்று நோயாளர் விடுபட்டவர். அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. அருள்பணியாளர் படுக்கையருகே வருவார்.

குணம் கிட்டாதபோது

இக்கட்டுரையில் நாங்கள் மிகவும் சொல்ல விரும்புவது இப்பகுதியையே. வழிபாட்டுக்குச் சென்று வந்தும் நோய் நீங்காதபோது, சிலரின் உள்ளம் உடலைவிடக் கடுமையாகப் புண்படுகிறது. "உனக்கு நம்பிக்கை போதாது", "வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது", "ஐயப்பட்டாய், அதனால்தான் வலி திரும்பியது" என்று உறவினர் சொல்லக் கேட்டு, இரவில் உறங்காத நோயாளரை எங்கள் பிரிவுகளில் காண்கிறோம். பெற்ற பிள்ளையின் நோய்க்குத் தன் பாவமே காரணம் என்று அழும் தாய்மாரும் உண்டு.

திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் பாவம் செய்யவில்லை, அவர் பெற்றோரும் செய்யவில்லை என்பதே இயேசுவின் விடை. பவுல் அடிகள் தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை மன்றாடினார், அது நீங்கவில்லை. அவருடைய உடனுழைப்பாளர் துரோப்பிம் நோயுற்று மிலேத்து நகரில் தங்க நேர்ந்தது. இவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று எவரும் சொல்லத் துணியார்.

பிறருக்காகச் செய்யும் செபத்தின் பயனை ஆய்வின் வழியே அளக்க முயன்றோரும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இதயத் தமனி மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 1,802 பேர் இடம்பெற்றனர். முன்பின் அறியாதோர் அவர்களுக்காகச் செபித்ததால் அறுவைக்குப்பின் நேரும் சிக்கல்கள் குறையவில்லை. இதனால் செபம் வீண் என்று நாங்கள் கருதவில்லை. அறிந்தோர் அருகிருந்து கைபிடித்துச் செபிப்பதையோ, நோயாளர் தாமே மனந்திறந்து மன்றாடுவதையோ அவ்வாய்வு அளக்கவில்லை. செபம் மருந்தைப்போல் அளந்து, இத்தனை வேளைக்கு இன்ன பயன் என்று எதிர்பார்க்கத்தக்கதன்று என்பதே நாங்கள் அறிவது.

வழிபாட்டிலிருந்து திரும்பிய பலரிடம் நோய் அப்படியே இருந்தும் வேறு சில மாறியிருப்பதைக் காண்கிறோம். பல ஆண்டுகள் பேசாதிருந்த தம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார் ஒருவர். தள்ளிப்போட்ட அறுவைக்கு இசைகிறார் மற்றொருவர். "இனி எனக்கு இவ்வளவு ஊசி வேண்டா, வலியில்லாமல் வைத்திருந்தால் போதும்" என்று தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்கிறார் இன்னொருவர். இவற்றையும் நலம் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

உடனிருப்போர்க்கு

நோயாளர் விரும்பினால் மட்டும் அழைத்துச் செல்லுங்கள். அவர் களைத்திருந்தாலோ மனம் ஒவ்வாதிருந்தாலோ வற்புறுத்த வேண்டா. "உனக்குக் குணமாகும்" என்று உறுதிமொழி தராமல், "உன்னோடு நானும் வந்து மன்றாடுகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த வாக்கை உங்களால் நிச்சயம் காப்பாற்ற இயலும். பராமரிக்கும் நீங்களும் களைத்திருப்பீர்கள். உங்களுக்காகவும் செபிக்கக் கேளுங்கள்.

வழிபாட்டுக்குச் செல்லும் திட்டத்தை மருத்துவரிடம் மறைக்க வேண்டா. ஏளனம் செய்வாரோ என்று பலர் தயங்குகின்றனர். பயணத்துக்கு ஏற்ப மருந்து வேளையை மாற்றவும், கட்டுப் பிரிக்கும் நாளைத் தள்ளி வைக்கவும், செல்லத்தகாத நிலை எனில் அதனை விளக்கவும் எங்களுக்கு அது உதவும். படுக்கைப் பிரிவில் உள்ளோர் நோயில் பூசுதலோ நற்கருணையோ விரும்பினால், எந்நேரமாயினும் பணியில் உள்ள செவிலியரிடம் கூறுங்கள், அருள்பணியாளர்க்குச் சொல்லியனுப்புவோம். பிற சமயத்தார் தத்தம் சமயப் பெரியோரை அழைக்க விரும்பினாலும் அவ்வாறே உதவுவோம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டில் உலக நோயாளர் நாளை ஏற்படுத்தினார். லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-ஆம் நாள் அது 1993 முதல் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நோயாளரோடு மருத்துவர்க்காகவும் செவிலியர்க்காகவும் பராமரிப்போர்க்காகவும் திருச்சபை மன்றாடுகிறது. வழிபாட்டில் கைகூப்பி நிற்கும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது மருந்துப் பையையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.